ஓடாமல் நிற்கும் காரின் பற்றரி: வன்னி வளவுக்கு எந்த வழி சரி?

வன்னியில் பல வளவுகளில் இப்படி ஒரு கார் நிற்கும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் விடுமுறைக்கு வரும்போது ஓடும். மற்ற மாதமெல்லாம் தகரக் கொட்டிலுக்குள்தான். கிளிநொச்சியில் எங்கள் வளவிலும் மாமாவின் கார் நிற்கிறது, திறப்பு என்னிடம். முதல் பற்றரி ஒன்றரை வருடத்தில் செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் வழிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

எல்லோரும் சொல்வது, ஞாயிறுதோறும் ஸ்ராட் பண்ணிப் பத்து நிமிடம் ஓடவிடு என்பது. நானும் அதைத்தான் செய்தேன். கணக்கைப் பாருங்கள். கார் பூட்டிக் கிடந்தாலும் அலாரம், கம்பியூட்டர், மணிக்கூடு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுக்கும். 30 மில்லி அம்பியர் என்று வைத்தால் ஒரு கிழமையில் 5 அம்பியர் மணி போய்விடும். பத்து நிமிடத்தில், 10 அம்பியர் வீதம் ஏறினாலும் திரும்பிச் சேருவது 1.7தான். 35 அம்பியர் மணி பற்றரி இந்த வேகத்தில் மெல்ல மெல்லப் பாதிக்குக் கீழே இறங்கும். அரைகுறைச் சார்ஜில் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேற் படிந்து இறுகும். இறுகியது பிறகு லேசில் கரையாது. ஓடுவதென்றால் உண்மையாகவே ஓட வேண்டும். ஏ9 வீதியில் மாங்குளம் வரை போய் வாருங்கள், அது பயன். நின்ற இடத்தில் உறுமவிடுவது பெற்றோலுக்குத்தான் செலவு.

இரண்டாவது வழி செலவே இல்லாதது: நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவது. 10ஆம் நம்பர் ஸ்பனர் ஒன்று போதும். நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். நெகட்டிவ் பூட்டியிருக்கப் பொசிட்டிவில் கை வைத்து, ஸ்பனர் காரின் உடம்பில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். கழற்றிய முனையைத் துணியால் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். மணிக்கூட்டின் நேரமும் ரேடியோவில் பதிந்து வைத்ததும் அழிந்துபோகும், அலாரமும் வேலை செய்யாது. ஆனால் ஒன்று, வயர் இல்லாவிட்டாலும் பற்றரி தானாகவே இறங்கும். வெப்பம் 10 பாகை கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சித்திரையில் எங்கள் தகரத்துக்குக் கீழே மத்தியானம் நிற்கவே முடியாது. பற்றரியும் அந்த வெக்கையில்தான் கிடக்கிறது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீற்றர் வைத்துப் பார்ப்பேன். 12.6 வோல்ற் என்றால் நிறைவு. 12.4க்கு வந்தால் சார்ஜ் போடும் நேரம். 12.2 என்றால் பாதி போய்விட்டது.

சார்ஜர் பக்கம் வந்தால், பற்றரி நிறைந்ததும் கரண்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் வகைதான் வேண்டும். 13.5 வோல்ற் அளவில் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கும். கராஜில் இருக்கும் சாதாரணச் சார்ஜரை அப்படி விட்டால் தண்ணி கொதித்து வற்றும். பற்றரியை வாழவைப்பது எதுவென்று கேட்டால் அந்தத் தண்ணிதான் என்பேன். வற்றினால் காய்ச்சி வடித்த நீரைத்தான் விட வேண்டும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அந்தக் கிணற்றுத் தண்ணியை விட்டால் அதே உப்பு தகட்டில் ஏறும். இன்னொன்று, ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கொட்டிலில் பிளக் இல்லாதவர்களுக்குச் சோலர். 10 வாற் தகடு ஒன்று, எங்கள் வெயிலில் ஒரு நாளைக்கு 3 அம்பியர் மணி அளவு தரும். கார் இழுப்பது ஒன்றுக்கும் குறைவு. தகட்டைக் கூரைக்கு மேலே வைத்து, அளவுக்கு மீறி ஏறாமல் பார்க்கும் கொன்ட்ரோலர் ஒன்றைப் போட்டு, வயரை நேரே பற்றரிக்குக் கொடுங்கள். சிகரட் லைற்றர் துளையில் செருகினால் பல ஜப்பான் கார்களில் ஏறாது, திறப்பை எடுத்ததும் அந்தத் துளை செத்துவிடும்.

என் தெரிவு இரண்டாவதுதான்: வயரைக் கழற்றி வைத்து, இரண்டு மாதத்துக்கொரு இரவு சார்ஜ். மாதம் ஒன்றிரண்டு தரம் ஓடும் காருக்கு ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டுவது அலுப்பு, அங்கே சார்ஜர் நல்லது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பல பிரியஸ்களில் 12 வோல்ற் பற்றரி பின்பக்கம் இருக்கிறது, பின்கதவும் கரண்டில்தான் திறக்கும். பற்றரி இறங்கினால் பின்னால் போய் மல்லுக்கட்ட வேண்டாம். கைத்திறப்பால் முன்கதவைத் திறந்து பொனற்றைத் தூக்கினால், பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடிக்குக் கீழே பொசிட்டிவ் முனை இருக்கிறது.