பெண்பன்றி: சினைப்பையை மட்டும் எடுப்பதா, கருப்பைக் கொம்போடு சேர்த்து எடுப்பதா?

ஆய்வுக்காகப் பெண்பன்றியின் இரு சினைப்பைகளில் ஒன்றை எடுத்தால் முட்டை பாதியாகும் என்றுதான் தோன்றும். ஆகாது. இரண்டும் சேர்ந்து 14 முட்டை விட்ட பன்றியில், மிஞ்சிய ஒன்றே கிட்டத்தட்ட 14 விடும். ஒன்று போனதும், சினைப்பை சுரக்கும் இன்ஹிபின், ஈஸ்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்கள் குறைகின்றன. மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியின் கடிவாளம் தளர்ந்து, அது சுரக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஏறுகிறது, வாடி அழிய வேண்டிய ஃபாலிக்கிள்கள் (முட்டை வளரும் பைகள்) பிழைத்து வளர்கின்றன. புதிதாக எதுவும் முளைப்பதில்லை, வீணாவது குறைகிறது.

சினைப்பையை மட்டும் எடுத்தால் முட்டைகள் எல்லாம் ஒரே குழாய் வழியே கருப்பையின் இரு கிளைகளான கொம்புகளில் ஒன்றில் இறங்கும். ஆனாலும் கருக்கள் அங்கேயே தங்குவதில்லை. நகர்ந்து நகர்ந்து, சினையின் 12ஆம் நாளுக்குள் இரு கொம்புகளிலும் பரவிவிடும். சினைப்பையின் ஈடுகட்டும் திறனை மட்டும் அளக்க இதுவே போதும், வெட்டும் குறைவு.

அந்தப் பக்கக் கொம்பையும் சேர்த்து எடுத்தால் கதை வேறு. சினைப்பை ஈடுகட்டும்; கொம்பு ஈடுகட்டாது. இருவருக்கான கூட்டம் ஒரே அறையில் நெருக்கியடிக்க, நஞ்சுக்கொடி விரிய இடமின்றிக் கருக்கள் மடியும். கருப்பை எத்தனை குட்டிகளைத் தாங்கும் என்று அறிய வேண்டுமென்றால் இந்த முறைதான் சரி.

இரண்டுக்கும் நடுவே போய், கொம்பை எடுக்காமல் கட்டிவிட்டு மட்டும் வராதீர்கள். கருவில்லாத கொம்பு விடும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள், மஞ்சள் உடலங்களை (முட்டை வெளியேறிய ஃபாலிக்கிள்கள் மாறி உருவாகி, சினையைக் காக்கும் ஹார்மோன் சுரப்பவை) கரைத்துவிடும். பன்றியின் சினை 114 நாளும் அவற்றையே நம்பியிருப்பதால் மொத்தமும் போய்விடும். கொம்பை முழுதாக அகற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பி.எம்.எஸ்.ஜி. என்ற ஹார்மோன் ஊசி போட்டு முட்டையைக் கூட்டலாமே என்றால், அது மாற்று ஆகாது. பன்றிக்குப் பன்றி எண்ணிக்கை தாறுமாறாக மாறும், முட்டைகளின் முதிர்ச்சியும் ஒரே சீராக இருக்காது.

எந்த முறையானாலும் நாள் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 21 நாள் சுழற்சியில் மஞ்சள் உடலக் கட்டத்தில், 12ஆம் நாளுக்கு முன்பே எடுத்தால் அடுத்த சினைப்பருவத்திலேயே ஈடு தெரியும். பருவம் தொடங்க ஓரிரு நாளே இருக்கும்போது எடுத்தால், வெடிக்கப்போகும் ஃபாலிக்கிள்கள் ஏற்கெனவே தேர்வாகிவிட்டிருக்கும். எண்ணிக்கை குறைந்தே வரும். அதை வைத்து ஈடுகட்டவில்லை என்று முடிவுகட்டினால் தப்பு.

அறுவையில் சினைப்பையைத் தாங்கும் ரத்தக்குழாய்க் காம்பை இரட்டைக் கட்டாகக் கட்டுங்கள். கட்டு நழுவினால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். சினைப்பைத் துணுக்கு ஒன்று விடுபட்டாலும் அது வளர்ந்து ஹார்மோன் சுரந்து கணக்கைக் குழப்பும். மறுபக்கச் சினைப்பையைக் கையால் தொடவே வேண்டாம். முட்டையை ஏந்தும் குழாய்வாயின் புனல்விளிம்பு உலர்ந்து ஒட்டிக்கொண்டால், முட்டை வெளிவந்தும் குழாய்க்குள் போகாது. வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியால் மூடி வையுங்கள்.

அடுத்த சுழற்சியில் 9 முதல் 12ஆம் நாளுக்குள் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்கும் முறை) மூலம் மஞ்சள் உடலங்களை எண்ணுங்கள்; முட்டை வெளியேறிய ஒவ்வொரு ஃபாலிக்கிளுக்கும் ஒன்று இருக்கும். இளஞ்சிவப்பாக உப்பி நிற்பவை மட்டுமே இந்தச் சுழற்சியின் மஞ்சள் உடலங்கள். வெளிறிச் சுருங்கியவை போன சுழற்சியின் எச்சம். அவற்றையும் சேர்த்தால் இல்லாத ஈடு இருப்பதாகத் தெரியும்.