தாளா, திரையா, காதா? டர்பனில் இருந்துகொண்டு தமிழ் படிக்கும் வழிகள்

எங்கள் வீட்டில் தமிழ் வாசகர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் மூன்று விதமான தமிழ். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்தவள், இன்றும் தூங்கப்போகுமுன் நாலு பக்கமாவது தமிழில் படித்தாக வேண்டும். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, எழுபத்துநாலு வயது. இதே ஊரின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டவர். நான் பேசுவது முக்கால்வாசி புரியும். பதில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வரும். தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. நாத்தனார் மகளுக்குப் பதினாறு வயது. சனிக்கிழமை கோவில் வகுப்பில் எழுத்துப் படித்திருக்கிறாள். எந்த வரியைக் காட்டினாலும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள், வாசித்ததற்கு என்ன பொருள் என்று மட்டும் தெரியாது.

2022 செப்டம்பர் கடைசியில் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தது. பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே, “முழுக் கதை எங்க இருக்கு மாமி? நான் படிக்கணும்” என்றாள். “எனக்கும் சொல்லு” என்றார் அத்தை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அன்றிலிருந்து தாள், கிண்டில், இலவச மின்னூல், ஒலிநூல், ஆங்கில மொழிபெயர்ப்பு என்று எல்லா வழியும் போய்ப் பார்த்துவிட்டோம். எது யாருக்கு ஒத்துவந்தது, எது வரவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும்.

ஏற்கெனவே இருக்கும் வழி: ஆங்கில எழுத்தில் தமிழ்

டர்பனில் அதிகம் படிக்கப்படும் தமிழ் எது என்று கேட்டால், நான் பார்த்தவரையில் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தேவாரம்தான். புரட்டாசி வந்தால் அந்தச் சின்னப் புத்தகங்கள் அலமாரியிலிருந்து இறங்கும். மஞ்சளும் எண்ணெயும் பட்டு ஓரமெல்லாம் நைந்திருக்கும். அத்தை அதைப் பார்த்துத்தான் அறுபது வருடமாகப் பாடுகிறார். தமிழ் எழுத்து பள்ளிக்கூடத்தில் கிடைக்காத தலைமுறைகளுக்கு இந்தப் புத்தகங்கள் செய்த உதவி பெரிது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் கதை படிக்க இது உதவாது. ஒரு நாள் பி, ஏ, எல், ஏ, எம் என்று ஐந்து எழுத்தைத் தாளில் எழுதி நாத்தனார் மகளிடம் காட்டினேன். பழமா, பலமா, பாலமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குறில் நெடில் போயிற்று, ல ள ழ போயிற்று, ந ன ண போயிற்று. இந்த ஊர்க் குடும்பப் பெயர்களே இதற்குச் சாட்சி. முதலி மூட்லி ஆனதும், கவுண்டர் கோவெண்டர் ஆனதும் ஆங்கில எழுத்துக்குள் போய் வந்ததால்தான். பாட்டுக்கு மட்டும் ஏன் இது சரிப்பட்டு வருகிறது என்று யோசித்திருக்கிறேன். எழுத்தில் தொலைந்த நெடிலை ராகம் பிடித்து வைத்திருக்கிறது. அம்மா பாடக் கேட்டு வளர்ந்த அத்தைக்கு எங்கே இழுக்க வேண்டும் என்று தெரியும். கதைக்கு ராகம் கிடையாது.

தாள்

எனக்குப் பிடித்தது இதுதான். படும் பாடும் இதில்தான் அதிகம். சென்னையிலிருந்து டர்பனுக்கு நேர் விமானம் இல்லை, துபாயோ ஜோகன்னஸ்பர்க்கோ மாறித்தான் வர வேண்டும். பெட்டிக்கு 23 கிலோ. ஜனவரிப் புத்தகக் காட்சி நேரத்தில் ஊரில் இருந்தால் பத்து சதவீதக் கழிவில் வாங்கிவிடலாம், அப்புறம் அப்பளமா புத்தகமா என்று பெட்டி முன்னால் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். தபாலில் வரவழைத்தால் தென்னாப்பிரிக்காவில் புத்தகத்துக்கும் 15 சதவீத வரி உண்டு. ஒரு தடவை ஓர் இணையக் கடையில் வாங்கிய பார்சல் நாலு மாதம் கழித்து, மூலை நசுங்கி வந்து சேர்ந்தது. வந்த பிறகும் நிம்மதி இல்லை. இது கடற்கரை ஊர். ஈரக்காற்றில் அட்டை வளையும், ராமபாணப் பூச்சி தாளை அரிக்கும். வேப்பிலை வைத்துப் பார்த்திருக்கிறேன், மாதம் ஒருமுறை வெயிலில் காயவைப்பதுதான் பலன் தருகிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் தாள் என்றால், வரிக்குக் கீழே விரல் வைக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பென்சிலால் சொல்லுக்கு மேலே பொருள் எழுதலாம். படித்து முடித்தால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். என் புத்தகங்களில் மூன்று இப்போது வேறு வேறு வீடுகளில் இருக்கின்றன.

கிண்டிலும் இலவச மின்னூல்களும்

கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் வந்தன. எனக்கு இது நல்ல துணை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வாங்கிய நிமிடத்தில் கையில் இருக்கும், எடை கிடையாது. 2022, 2023இல் லோட் ஷெட்டிங் என்னும் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, வீடு முழுக்க இருட்டாக இருக்க, வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும் அந்தச் சின்னத் திரையில்தான் படித்தேன். மற்ற இரண்டு பேருக்கும் அதில் ஒட்டுதல் வரவில்லை.

இலவச மின்னூல்களின் கதை வேறு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகத்தின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சேர்த்த நூல்கள் அவை. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நாவல்வரை அதில் இருக்கிறது. கல்கியின் படைப்புகளைத் தமிழ்நாடு அரசு 1999இல் நாட்டுடைமை ஆக்கியதால் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் காசில்லாமல் சட்டப்படி கிடைக்கிறது. இதைச் சொன்னபோது நாத்தனார் மகள் நம்பவே இல்லை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்து வைத்திருக்கிறார்கள். தேடிப் படிப்பவர்களுக்கு அது புதையல். ஆனால் போனில் படிக்கக் கஷ்டம், ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்தாகத் தட்டச்சு செய்த நூல்தான் போனுக்கு ஏற்றது. டேட்டாவும் அதிகம் தின்னாது, ஒரு முழு நாவலே சில எம்பிக்குள் அடங்கிவிடும்.

ஒலிநூல்

டேட்டா என்றதும் ஒலிநூலைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டேட்டா விலையைக் குறைக்கச் சொல்லி 2016இல் பெரிய குரலே எழுந்தது. சாதாரணத் தரத்தில், அதாவது 64 கேபிபிஎஸ்ஸில், ஒரு மணி நேர ஒலிக்கு ஏறக்குறைய 29 எம்பி ஆகும். பெரிய நாவல் என்றால் பல பத்து மணி நேரம். வீட்டில் வைஃபை இருக்கும்போது இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அத்தைக்கு இதுதான் சரியான வழி என்று நான் உறுதியாக நம்பினேன். படிக்கத் தெரியாது, கேட்டால் புரியும், வேறென்ன வேண்டும்? காதில் மாட்டிவிட்டேன். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே முதல் அத்தியாயம் கேட்டார். அரை மணி நேரத்தில் எடுத்து வைத்துவிட்டு, “நல்லா பேசறான். என்ன பேசறான்னு தெரியல” என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அத்தையின் தமிழ் வீட்டுத் தமிழ். அடுப்படி, கல்யாணம், சாவு, சண்டை, கொஞ்சல், சாமி இவற்றுக்கான தமிழ். ‘சிந்தித்தான்’, ‘வினவினாள்’, ‘எனினும்’ என்று எழுத்துத் தமிழில் ஒருவர் வாசித்தால், அது அவர் காதில் விழாத மொழி. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகப் பெரும்பாலும் வாய்வழியாகவே கடந்து வந்த தமிழுக்கும், தமிழ்நாட்டில் அச்சில் வளர்ந்த தமிழுக்கும் நடுவில் இவ்வளவு தூரம். ஒலிநூல் எழுத்துக் கற்காத குறையைத் தீர்க்கும், இந்தத் தூரத்தைக் குறைக்காது.

அதனால் நூலை மாற்றினேன். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, 1976இல் வந்தது. என் பெட்டியில் வந்த பழைய பிரதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே உரக்க வாசித்தேன். தெலுங்கு பேசும் குடும்பங்கள் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பித் தெற்கே வருகிறார்கள், கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்குகிறார்கள். அந்தப் பழைய கதையை நூறு வயது தாண்டிய ஒரு பாட்டி சொல்கிறாள். பேச்சு நடையில் போகும் எழுத்து. அத்தைக்கு அம்மா வழி நாயுடு. இரண்டாவது ஞாயிறு, வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, “எங்க ஆயாவும் கப்பல்ல வந்தத இப்பிடித்தான் சொல்லும்” என்றார். 1860 நவம்பர் 16இல் டிரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து 1911வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. அத்தை அதற்கு முன் அந்தக் கதையை எங்களிடம் சொன்னதே இல்லை. ஒரு மணி நேரம் பேசினார். புத்தகம் மடியிலேயே இருந்தது.

எந்தக் கருவி என்று அலைந்த நேரத்தில், யாருடைய தமிழ் என்று முதலில் யோசித்திருக்க வேண்டும்.

ஆங்கில மொழிபெயர்ப்பு

தமிழ் தெரிந்தவர்கள் இதை இரண்டாம்பட்சமாகப் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘பொன்னியின் செல்வ’னுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்புகள் உண்டு. நாத்தனார் மகள் ஒன்றை எடுத்து, பரீட்சை முடிந்த விடுமுறையில் படித்துத் தள்ளினாள். பிறகு பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யை ஆங்கிலத்தில் படித்தாள். அது 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இருந்த நூல். தமிழில் படிக்க அவளுக்கு இன்னும் ஐந்து வருடம் ஆகலாம். அதுவரை தமிழ்க் கதையே தெரியாமல் இருக்கச் சொல்ல நான் யார்?

மொழிபெயர்ப்பில் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் உண்டு. அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா எல்லாரையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடக்கினால் உறவே காணாமல் போய்விடும். அந்தச் சொற்களைத் தமிழாகவே விட்டுவைத்த மொழிபெயர்ப்பு வேறு ஊர் வாசகருக்குத் தடுக்கலாம். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் பேசும்போதே ஆயா, பெரியம்மா என்றுதான் பேசுகிறார்கள், பொட்டு, காவடி, புரட்டாசி எல்லாம் இங்குள்ள ஆங்கிலத்தில் கலந்த சொற்கள். ஆகவே வாங்கும்போது முதல் பத்துப் பக்கத்தில் உறவுப் பெயர்கள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். நான் அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

இதோடு சேர்த்து, இந்த மண்ணில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதையும் வைக்க வேண்டும். ரானி கோவெண்டரின் கேட்டோ மேனர் சிறுகதைகள் 1996இல் நூலாக வந்தன. அவர் பிறந்து வளர்ந்த இடம் அது. இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்த 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் பின்னாளில் காலிசெய்யப்பட்ட இடமும் அதுதான். அத்தைக்கு ஆங்கிலம் நன்றாகப் படிக்க வரும். அந்த நூலைத் தவணையில்தான் படித்தார். ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை, அவர் தெரு அது.

கண்ணும் காதும்

காந்தி தம் சுயசரிதையில் தமிழ் படித்த கதையைச் சொல்கிறார். 1896இல் டர்பனிலிருந்து கல்கத்தா போன கப்பலில், கப்பல் மருத்துவர் தந்த ஒரு தமிழ்ப் பயிற்சி நூலில் ஆரம்பித்தார். பிறகு தென்னாப்பிரிக்கச் சிறைகளில் தொடர்ந்தார். ஆனால் தமிழ் பேச வரவே இல்லை என்றும், கொஞ்சம் படிக்க வந்ததும் பழக்கமின்றித் துருப்பிடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நாத்தனார் மகள் நினைவுதான் வரும். கண்ணுக்குத் தமிழ் வந்துவிட்டது, காதுக்கு வரவில்லை. அத்தைக்கு நேர்மாறு.

அதனால் இப்போது எங்கள் ஏற்பாடு இது. எனக்கு இரவில் கிண்டிலும் மதுரைத் திட்டமும். நாத்தனார் மகளுக்குப் பெரிய நாவல் எல்லாம் ஆங்கிலத்தில், தமிழில் சின்னச் சின்னக் கதைகள் மட்டும், அதுவும் தாளில். ஆயிரம் பக்க நாவலைக் கையில் கொடுத்துப் படி என்றால் எந்தப் பிள்ளையும் ஓடிவிடும். பேச்சு அதிகம் வரும் கதைகளாகப் பார்த்து எடுக்கிறேன். ஒலிநூலை, அதே நூலின் எழுத்து வடிவம் பக்கத்தில் இருந்தால் மட்டும் அவளுக்குப் போடுகிறேன். காது முன்னே போகும், விரல் பின்னாலே வரும்.

ஞாயிறு மத்தியானம் வாசிப்பது இப்போது நான் இல்லை. அவள்தான். ‘கோபல்ல கிராமம்’ இரண்டாம் தடவை போகிறது. ஒரு தடவைக்கு ஒரு பத்தி, சில நாள் அரைப் பத்தி. அவள் எழுத்துக்கூட்டுகிறாள், அத்தை கேட்டுப் பொருள் சொல்கிறார். போன வாரம் “உ, ல, க், கை” என்று பிரித்துப் பிரித்துப் படித்துவிட்டு, “உலக்கைன்னா என்ன ஆயா?” என்று நிமிர்ந்தாள். அத்தை நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, கூடத்தின் நடுவில் நின்று இடித்துக் காட்டினார்.