நாயகனைப் பிடிக்கவில்லை என்கிறார்களா? காதல் நாவலைத் திருத்த ஸ்கிரிவ்னர் 3

காதல் நாவலின் முதல் வரைவைப் படித்தவர்கள் "ஹீரோவைச் சகிக்கவே முடியவில்லை" என்றதும் பெரும்பாலானோர் உடனே அவனுக்கு ஒரு சோகமான சிறுவயதை எழுதி ஐந்தாம் அத்தியாயத்தில் செருகிவிடுவார்கள். அது பலிக்காது. நான்காம் அத்தியாயத்தில் நாயகியை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தவன், அடுத்ததில் அம்மாவை இழந்த கதையைச் சொன்னால் வாசகர் அதைச் சாக்காகத்தான் எடுத்துக்கொள்வார். பல நாவல்களில் கோளாறு வரிசையில் இருக்கிறது. அவன் முதலில் என்ன செய்யும்போது கண்ணில் படுகிறான்? ஒருத்தியை நோகடித்ததற்கும் அதற்கான விலையை அவன் கொடுப்பதற்கும் நடுவே எத்தனை காட்சிகள் ஓடுகின்றன? முந்நூறு பக்கமும் ஒரே வேர்டு கோப்பாகக் கிடந்தால் இந்த இடைவெளி தெரியவே தெரியாது. நீண்ட படைப்புகளை எழுதவும் திருத்தவும் உதவும் ஸ்கிரிவ்னர் மென்பொருள் இதைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து வைக்கிறது.

லிட்டரேச்சர் அண்ட் லாட்டே நிறுவனத்தின் இந்த மென்பொருளின் மூன்றாம் பதிப்பு மேக்கில் 2017-லும் விண்டோஸில் 2021-லும் வந்தது. இலவசச் சோதனை 30 நாள். திறந்து வேலை செய்த நாள்கள் மட்டுமே கணக்கு. வாரத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்தாலும் ஒரு நாவலை முழுக்க அலசிவிடலாம்.

முதல் வேலை நாவலைக் காட்சிகளாக உடைப்பது. காட்சி மாறும் இடங்களில் # அல்லது * போட்டிருந்தால், இறக்குமதிப் பட்டியலில் உள்ள 'இம்போர்ட் அண்ட் ஸ்ப்ளிட்' அதை வைத்தே தனித்தனி ஆவணமாகப் பிரித்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கையெழுத்துப்படி என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின்னால் வரும் தேடல் எதுவும் வேலை செய்யாது.

அடுத்ததுதான் முக்கியம். ஒவ்வொரு காட்சியோடும் நாமே குறிப்புகளைச் சேர்க்க உதவும் 'கஸ்டம் மெட்டாடேட்டா'வில் நான்கு புலங்களை உருவாக்குங்கள்: 'என்ன வேண்டும் அவனுக்கு', 'யாருக்கு நோவு' இரண்டும் எழுத்துப் புலம், 'விலை கொடுத்தானா' டிக் பெட்டி, 'யார் பார்வை' பட்டியல். காட்சிகளை அட்டவணையாகக் காட்டும் அவுட்லைனரில் இவை நெடுவரிசைகளாக நிற்கும், அங்கேயே நிரப்பலாம். நாயகன் வரும் காட்சிகளுக்கு மட்டும் போதும். நிரப்பும்போது நேர்மையாக இருக்க வேண்டும். "அவளைக் காப்பாற்ற வேண்டும்" என்று எழுதுவதற்கு முன், அந்தக் காட்சியில் அது உண்மையில் தெரிகிறதா, எழுதியவர் மனதில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பல நாவல்களில் முதல் நெடுவரிசை வரிக்கு வரி காலியாக வரும். எதையும் விரும்பாத, கோபம் மட்டும் படுகிற நாயகன்தான் வாசகருக்கு ஒட்டாதவன்.

நிரப்பி முடித்தபின் 'நோவு' நெடுவரிசையை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படியுங்கள். தன்னை எதிர்க்க முடியாதவர்களின் பெயர்களே தொடர்ந்து வந்தால் (வேலையாள், தங்கை, கடனில் மாட்டிய நாயகி) அவன் முரடன் அல்ல, கோழை. வசனத்தை மட்டும் மெருகேற்றி இதைச் சரிக்கட்ட முடியாது. குறைந்தது இரண்டு காட்சிகளிலாவது அவன் தன்னைவிடப் பலமானவனோடு மோதட்டும். நாயகிக்கும் திருப்பிக் கொடுக்கிற வாயும் வழியும் வேண்டும். பெயர்கள் கலந்து வந்து, டிக் மட்டும் எங்கோ கடைசி அத்தியாயத்தில் விழுந்தால் கோளாறு தூரத்தில். விலையை முன்னால் இழுக்க வேண்டும். இங்கே விலை என்றால் மன்னிப்பு வசனம் இல்லை. செய்த செயலை அதன் பெயரால் ஒப்புக்கொள்வது, காரணம் அடுக்காமல் இருப்பது, அவளுக்குத் தெரியாமலே நடத்தையை மாற்றிக்கொண்டு அதில் எதையாவது இழப்பது.

காட்சிகளை இடம் மாற்றிப் பார்க்க, நாவலின் மூலவரிசையைக் காட்டும் பக்கப்பட்டியான பைண்டரில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். ஒரு 'கலெக்ஷன்' (தேர்ந்த காட்சிகளின் தனிப் பட்டியல்) உருவாக்கி அதற்குள் வரிசையை மாற்றினால் மூலவரிசை அப்படியே இருக்கும். 'ஸ்கிரிவனிங்ஸ்' முறையில் புது வரிசையை ஒரே நாவலாக வாசித்துவிடலாம். தேடலைச் சேமித்து உருவான கலெக்ஷனில் வரிசையை மாற்ற முடியாது, சாதாரணமானது வேண்டும்.

வசனத்துக்கு வருவோம். தமிழில் விளியே பாதிக் குணத்தைச் சொல்லிவிடும். அவள் 'நீங்க' என்க, இவன் முன்பின் தெரியாத நாளிலேயே 'வாடி, போடி' என்றால், எவ்வளவு நல்ல நோக்கமும் எடுபடாது. புராஜெக்ட் தேடலில் வெறும் 'டி' என்று போட்டால் ஆடி, ஓடி, கண்ணாடி எல்லாம் வந்து குவியும். நிறுத்தக்குறியோடு 'டி,' 'டி!' 'டி?' என்று தேடுங்கள். அடுத்து வினைகள்: உறுமினான், சீறினான், இளக்காரமாகச் சிரித்தான், கையைப் பிடித்து இழுத்தான். 'முழுச் சொல்' தேர்வை எடுத்துவிட்டு, 'உறுமி', 'உறும' இரண்டையும் தேடினால்தான் உறுமியபடி, உறுமலுடன் எல்லாம் சிக்கும். கிடைத்ததை எல்லாம் வெட்டிவிடாதீர்கள். முக்கால்வாசி போகட்டும், கதைத் திருப்பத்துக்கு உண்மையாகத் தேவைப்படும் இடங்களில் நிற்கட்டும். முழுக்கச் சாந்தமாக்கினால் காதலில் உரசலே இருக்காது, அடுத்த வாசகர் "சப்பென்று இருக்கிறான்" என்பார்.

ஒவ்வொரு காட்சியைத் தொடும் முன்னும் ஸ்னாப்ஷாட், அதாவது அப்போதைய எழுத்தின் நகல், எடுத்துவிடுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல்+5, மேக்கில் கமாண்ட்+5. பல காட்சிகளைத் தேர்ந்துகொண்டு மொத்தமாகவும் எடுக்கலாம். 'கம்பேர்' பொத்தான் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு என்ன போனது, என்ன வந்தது என்று காட்டும். சிறப்பான வசதி இது. நாயகனைத் திருத்தும்போது அளவு மீறிக் கரைத்துவிட்டோமா என்று அறிய இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஒன்றை மறக்கக் கூடாது: ஸ்னாப்ஷாட் அந்த ஆவணத்தின் எழுத்தை மட்டுமே சேமிக்கும், காட்சிகளின் வரிசையை அல்ல. பைண்டரில் வரிசையை மாற்றப் போகும் நாளில் முழு புராஜெக்டுக்கும் தனி பேக்கப் எடுத்துவிடுங்கள்.

பேச்சை மட்டும் ஒளிரவிட்டு மற்றதை மங்கலாக்கும் வசதியும் உண்டு. நாயகன் எத்தனை வரி கட்டளையாகவே பேசுகிறான் என்பது பளிச்சென்று தெரியும். ஆனால் மேற்கோள்குறியை வைத்துத்தான் பேச்சைக் கண்டுகொள்கிறது. கோடு போட்டு வசனம் எழுதுபவர்களுக்குப் பயன்படாது.

குறைகளும் சின்னவை அல்ல. திருத்தங்களைத் தானாகக் குறித்துக் காட்டும், வேர்டில் இருப்பது போன்ற 'டிராக் சேஞ்சஸ்' இல்லை. எடிட்டரோ முதல் வாசகரோ கோப்புக்குள் உங்களோடு சேர்ந்து வேலை செய்ய முடியாது. புராஜெக்ட் என்பது பல கோப்புகள் அடங்கிய உறை என்பதால், கிளவுடில் வைத்து, ஏற்றம் முடியும் முன் இன்னொரு கணினியில் திறந்தால் சிதையலாம். காட்சிகளைக் கோர்த்து ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் 'கம்பைல்' முதல் வாரத்தில் தலைவலிதான், பழகப் பொறுமை வேண்டும். ஆனால் அதே கம்பைலில் ஒரு கலெக்ஷனை மட்டும் தேர்ந்து வெளியே எடுக்கலாம். நாயகனின் முதல் ஆறு காட்சிகளை மட்டும் வேர்டு கோப்பாக்கி, பழைய வரைவைப் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். "பிடித்ததா" என்று கேட்காதீர்கள். எந்த வரியில் அவன்மேல் முதலில் எரிச்சல் வந்தது, எந்த வரியில் அது தணிந்தது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள்.