தூக்கத்திற்கென வாங்கிய லாவெண்டர் எண்ணெயில் ஏமாந்தேன்: வாங்க நினைப்பவர்கள் படித்துவிடுங்கள்

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு நேற்று மாலைதான் கடையிலிருந்து "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என் மாதச் சம்பளத்தில் கால் பங்கு போய்விட்டது. வேறு எவரும் இப்படி இழக்கக் கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாங்கும்போது எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் இறுதியில் சொல்கிறேன்.

ஐந்து மாதங்களாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும் வரை கண் மூடாது. அந்த நிலையில்தான் நறுமண எண்ணெய்களை மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடையின் விளம்பரத்தைப் பார்த்தேன். விவரம் கேட்டு எழுதிய அரை மணி நேரத்தில், உறக்க ஆலோசகர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு பெண்மணி அழைத்தார். எத்தனை மணிக்குப் படுக்கிறேன், விழித்த பிறகு மனத்தில் என்ன ஓடுகிறது என்றெல்லாம் நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "கவலைப்படாதீர்கள், முப்பது இரவுகளில் தூக்கம் திரும்பிவிடும், இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப வரும்" என்றார். அந்தக் குரலை நம்பி, டிஃப்யூசரும் (எண்ணெயின் மணத்தை அறையில் பரப்பும் கருவி) ஆறு புட்டிகளும் கொண்ட தொகுப்புக்காகச் சம்பளத்தில் கால் பங்கை அந்த அழைப்பு முடிவதற்குள்ளேயே செலுத்திவிட்டேன்.

லாவெண்டர் புட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது கற்பூர நெடி. மெய்யான லாவெண்டர் எண்ணெயில் கற்பூரக் கூறு மிகக் குறைவு. ஐரோப்பிய மருந்துத் தரநூல் 1.2 விழுக்காட்டுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. லாவண்டின் என்னும் கலப்பினச் செடியின் எண்ணெயில்தான் அது பல மடங்கு கூடுதலாக இருக்கும். அதிக விளைச்சல் தருவதால் அந்த எண்ணெய் மலிவு. இவையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. சந்தேகம் வந்த இரவில், ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மேசைமேல் வைத்தேன். ஆவியாகிப் போயிருக்க வேண்டிய சொட்டு, காலையில் நாணய அளவுக்குப் பளபளப்பான எண்ணெய்க் கறையாகப் படர்ந்திருந்தது. தாளைத் தூக்கிப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவியது. ஏதோ சமையல் எண்ணெய் போன்ற ஒன்றைக் கலந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னொரு புட்டியில் 'நீராவியில் வடித்த மல்லிகை' என்று அச்சிட்டிருந்தார்கள். மல்லிகையின் மணத்தைக் கரைப்பான் கொண்டுதான் பிரித்தெடுப்பது வழக்கம். நீராவி அந்தப் பூவுக்கு ஒத்துவராது.

நீர்க்காமல், அதாவது அடர்த்தியைக் குறைக்காமல், நேரடியாக மணிக்கட்டில் தடவச் சொன்னவரும் அதே ஆலோசகர்தான். ஒன்பதாம் நாள் அங்கே சிவந்து தடித்து, அரிப்பில் இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. தெரிவித்தபோது, "உடம்பிலுள்ள நச்சு வெளியேறுகிறது, நிறுத்தாதீர்கள்" என்றார். ஒவ்வாமையால் வந்த தோல் அழற்சி என்று மருத்துவர் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. முதல் மின்னஞ்சலுக்கு, "சொட்டுகளைக் கூட்டிப் பாருங்கள்" என்று பதில். இரண்டாவதற்கு, "முப்பது இரவும் முடியட்டும்." என் புட்டிகள் எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் (batch) சேர்ந்தவையோ அதற்குரிய ஆய்வக அறிக்கையைக் கேட்டதற்கு, "அது வணிக இரகசியம்." முப்பது இரவும் முடிந்து பணத்தைக் கேட்டபோது, மூடி திறந்த புட்டிகளைத் திரும்பப் பெற இயலாது என்றார்கள். திறக்காமல் முப்பது இரவு எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. நாற்பது நிமிடம் பேசிய அந்தப் பெண்மணியின் எண்ணும் இப்போது எடுக்கப்படுவதில்லை. சம்பளத்தில் கால் பங்கு, ஐயா! அதில் ஒரு சிறு தொகையைக்கூடத் திருப்பித் தரவில்லை.

விரிவாக எழுத நினைத்திருந்தேன். இந்த மனநிலையில் முடியவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். புட்டியில் தாவரத்தின் இலத்தீன் பெயரும் தொகுதி எண்ணும் இல்லையென்றால் வாங்காதீர்கள். அந்தத் தொகுதியின் ஜிசி-எம்எஸ் அறிக்கையை, அதாவது எண்ணெயில் என்னென்ன கூறுகள் எவ்வளவு உள்ளன என்று காட்டும் ஆய்வக அறிக்கையைப் பணம் செலுத்தும் முன்பே கேளுங்கள். 'சிகிச்சைத் தரம்' என்ற சொல்லுக்கு அதிகாரபூர்வமான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஆயிரக்கணக்கான கிலோ இதழ்கள் வேண்டும். எனவே ரோஜாவும் லாவெண்டரும் ஒரே விலையில் இருந்தால் அந்தக் கடையை விட்டு விலகுங்கள். நீர்க்காமல் தோலில் தடவாதீர்கள். வாசனை தூக்கத்திற்கு ஓரளவு துணை செய்யலாம். ஆனால் மாதக்கணக்கில் தூக்கமில்லையென்றால் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். நெடுநாள் தூக்கமின்மைக்கு மாத்திரைக்கும் முன்பாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சி) பரிந்துரைக்கிறார்கள் என்பதை, பணத்தை இழந்த பிறகே நான் அறிந்தேன்.

கறை படிந்த அந்தத் தாளையும் புட்டிகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன்.