சேலம் கிராமத்துப் போதகர் வேலை: சம்மதம் சொல்வதற்கு முன் படியுங்கள்

அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் வேலை தேடும் கிறிஸ்தவப் போதகர்களே, அங்குள்ள சேலம் கிராமத்திலிருந்து அழைப்பு வந்தால் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். முந்நூறு ஆண்டுகள் தாமதமான எச்சரிக்கைதான். ஆனால் சம்பளத்தை வாயளவில் தரும் இடங்கள் இன்றும் இருக்கின்றனவே!

முதலில் ஜார்ஜ் பரோஸ் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1680இல் போதகராக வந்தார். பேசிய சம்பளம் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு மனைவி இறந்தபோது அடக்கச் செலவுக்கே கையில் காசில்லை. முன்பு தங்க இடம் கொடுத்த ஜான் புட்னம் என்பவரிடம் கடன் பட்டார். பாக்கி தராத ஊரில் எத்தனை நாள் இருப்பது? 1683இல் வடக்கே உள்ள மெயின் (Maine) பகுதிக்குக் கிளம்பிவிட்டார். பிறகு கணக்குத் தீர்க்க வரும்படி அழைக்கப்பட்டு, நம்பித் திரும்பி வந்தார். ஊர்க்கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பழைய கடனுக்காக அவரைக் கைது செய்ய வைத்தார் புட்னம். ஊர் தர வேண்டிய பாக்கியிலேயே அந்தக் கடன் அடைந்திருக்கும்! கேட்க வந்தவரையே கடன்காரராக நிறுத்திவிட்ட சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது? சில ஊர்க்காரர்கள் பிணை கொடுத்ததால் தப்பினார். அப்போதைக்கு மட்டும். 1692இல் அந்த ஊரில் பலர்மீது சூனியம் செய்ததாக வழக்குகள் நடந்தன; அதில் பரோஸும் சிக்கினார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் அதே ஜான் புட்னமும் ஒருவர். அந்த ஆகஸ்டில் பரோஸைத் தூக்கிலிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு நடுவில் ஒருவர் வந்து போய், 1689இல் சாமுவேல் பாரிஸ் அந்த வேலையை ஏற்றார். ஆண்டுக்கு 66 பவுண்டு. மூன்றில் ஒரு பங்குதான் ரொக்கம், மிச்சம் பண்டமாக. தொகையை விடுங்கள், அது வரும் வழியைப் பாருங்கள். ஊர் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் குழு வரி விதிக்க வேண்டும். வரி வசூலானால்தான் போதகருக்குச் சம்பளம். 1691 அக்டோபரில் அவரைப் பிடிக்காதவர்கள் குழுவில் உட்கார்ந்ததும் வரியே விதிக்கவில்லை. குளிர்காலம் நெருங்க, அடுப்புக்கு விறகில்லை என்று அவர் சபையாரிடமே முறையிட வேண்டியிருந்தது.

பாரிஸ் ஒன்றும் உத்தமர் அல்ல. ஊருக்குச் சொந்தமான வீட்டையும் நிலத்தையும் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார் என்ற கோபம் பலருக்கு இருந்தது. சூனிய வழக்குகள் அவர் வீட்டுச் சிறுமிகளிடமிருந்துதான் தொடங்கின. அதற்கெல்லாம் அவர் பதில் சொல்லட்டும். வேலை வாங்கிக்கொண்டு சம்பளத்தை நிறுத்துவது வேறு கணக்கு.

ஆகவே அழைப்போடு வருகிறவர்களிடம் ஒன்றை எழுதி வாங்குங்கள்: குழு வரி விதிக்காத ஆண்டில் சம்பளத்துக்கு யார் பொறுப்பு? பதிலுக்கு மழுப்பினால் குதிரையைத் திருப்பிவிடுங்கள். பாரிஸின் சம்பள பாக்கி வழக்கு 1697இல்தான் நடுவர்களிடம் போய் முடிந்தது. 79 பவுண்டும் சில்லறையும் கிடைத்தது. அதற்கு ஈடாக அந்த வீட்டையும் நிலத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.