கமடோர் 64 டெமோக்கள்: 50 ஹெர்ட்ஸ் இல்லாத திரையில் பார்க்கவே வேண்டாம்

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "கமடோர் 64 டெமோவெல்லாம் ஒழுங்காப் பார்க்கணும்னா பழைய மெஷினே வாங்கணுமா, எமுலேட்டர் போதுமா?" கமடோர் 64 என்பது 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டர். அதன் திறமையை எல்லை வரை இழுத்து இசையும் அசையும் படமுமாகக் காட்டும் புரோகிராம்தான் டெமோ. அந்த மெஷினைப் போலவே இன்றைய கம்ப்யூட்டரில் நடந்துகொள்ளும் மென்பொருள் எமுலேட்டர். பழைய மெஷின், எமுலேட்டர் இரண்டையும் வெகுகாலமாகப் புழங்கி வருகிறேன். ஒரு பக்கம் பி.ஏ.எல். (50 ஹெர்ட்ஸ் டிவி முறை) கமடோர் 64, அதில் செருகிய 1541 அல்டிமேட் கார்ட்ரிட்ஜ் (பழைய 1541 டிஸ்க் டிரைவுக்கு மாற்று). இன்னொரு பக்கம் வைஸ் எமுலேட்டர். பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் திரை 50 ஹெர்ட்ஸில் ஓடுமா, அதாவது நொடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பிக்குமா?

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஒலி தரும் சிட் சிப்பில் 6581 மாடல் நல்லதா 8580 நல்லதா என்று விடிய விடிய வாதிடுவார்கள். அதெல்லாம் அப்புறம்.

பி.ஏ.எல். மெஷினில் ஒரு பிரேமுக்கு (ஒரு முழுப் படத்துக்கு) 312 வரிகள், வரிக்கு 63 சைக்கிள்கள் (பிராசஸரின் துடிப்புகள்), ஆக 19,656 சைக்கிள்கள். பிராசஸர் நொடிக்கு 9,85,248 சைக்கிள் ஓடுகிறது. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 50.12 பிரேம். டெமோ எழுதுகிறவர்கள் அந்த 19,656-க்குள் எல்லாக் கணக்கையும் அடைக்கத்தான் இவ்வளவு பாடுபடுகிறார்கள். அடைத்துவிட்டால் ஒவ்வொரு பிரேமிலும் படம் நகரும், கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். பூஸ் டிசைன் குழுவின் 'எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ்' (2008), சென்சார் டிசைன், ஆக்சிரான் குழுக்கள் சேர்ந்து செய்த 'கோமாலேண்ட்' (2014) போன்றவற்றின் அழகில் பாதி இந்த வழுக்கலில்தான் இருக்கிறது.

இதை 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போடுங்கள். நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் திரைக்கு 50 படம்தான் கிடைக்கிறது. மீதி 10 தடவை பழைய படத்தையே திரும்பக் காட்டும். நகரும் எழுத்து வரிசை நொடிக்குப் பத்து முறை தடுக்கி நிற்கும். கல் பொறுக்காத அரிசியில் சோறு பொங்கினால் வாய்க்கு வாய் கடிபடுமே, அந்த எரிச்சல்தான். முதல் தடவை பார்ப்பவர் "பழைய கம்ப்யூட்டர்தானே, இப்படித்தான் இருக்கும்" என்று நினைத்துவிடுவார். பின்லாந்து 2020-லும் ஜெர்மனி 2021-லும் தங்கள் நாட்டின் வாழும் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்த கலை இது. தடுக்கலை அந்தக் கலையின் குறை என்று ஒருவர் நம்பிக்கொண்டு போனால் எனக்குத் தாங்காது.

இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டி நிறம் கலக்கும் உத்தி இன்னும் மோசமாக அடிவாங்கும். இன்டர்லேஸ் எஃப்.எல்.ஐ. எனப்படும் இந்த வகைப் படங்களில் ஒரு பிரேமில் ஒரு படம், அடுத்த பிரேமில் ஒரு பிக்சல் தள்ளி இன்னொரு படம். கண் இரண்டையும் கலந்து மெஷினின் 16 நிறத்துக்கு மேலான சாயல்களைக் காணும். சரியான திரையிலேயே லேசாகத் துடிக்கும்தான், ஆனால் துடிப்பு சீராக இருக்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் அவ்வப்போது இரட்டிப்பு நேரம் நிற்பதால் கலவை குலைந்து விட்டுவிட்டு மின்னும். நொடிக்கு 25 பிரேமில் இணையத்தில் ஏற்றிய வீடியோவிலோ இரண்டில் ஒரு படம் மொத்தமாகவே காணாமல் போய்விடும். வீடியோவில்தான் பார்ப்பேன் என்றால் 50 பிரேமில் ஏற்றியதைத் தேடுங்கள். அதையும் 60 ஹெர்ட்ஸ் போனில் பார்த்தால் தடுக்கல் திரும்ப வந்துவிடும்.

சரி, மானிட்டரை 50-க்கு மாற்றலாம்தானே? மாற்றலாம். கிராபிக்ஸ் கார்டின் அமைப்பில் கஸ்டம் ரெசல்யூஷன் போட்டு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் சில மானிட்டர்கள் ஏற்கும், சில "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று கறுத்துப்போகும். மறுக்கிற மானிட்டர் மேல் எனக்குக் கோபமில்லை, அது நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. 50 ஏற்றுக்கொண்டதாகத் தகவல் பெட்டியில் காட்டிவிட்டு, உள்ளே 60-ஆக மாற்றி ஓட்டுகிற மானிட்டர்கள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒருவர் எல்லா அமைப்பையும் சரியாக வைத்துவிட்டு, தடுக்கல் போகவில்லையே என்று எமுலேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார். விவரத் தாளில் இந்த மாற்றம் பற்றி ஒரு வரி இருக்காது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கிடைமட்டமாக நகரும் எழுத்து வரிசையுள்ள டெமோவை ஓடவிட்டு, போனில் 240 பிரேம் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். பிறகு ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். உண்மையான 50 என்றால் எழுத்து ஒவ்வொரு இடத்திலும் 4 அல்லது 5 பிரேம் நின்று நகரும். ஏமாற்று என்றால் 4, 4, 4, 4 என்று போய்த் திடீரென ஓரிடத்தில் 8 பிரேம் நிற்கும். கடையில் வாங்கும் முன்பே லேப்டாப்பை இணைத்து இதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

செலவில்லாத தீர்வு பெரும்பாலும் கூடத்திலேயே இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் முறை என்பதால் இங்கே விற்கும் டிவிகள் பொதுவாக எச்.டி.எம்.ஐ. வழியாக 50-ஐ ஒழுங்காகவே ஏற்கும். லேப்டாப்பை டிவியில் செருகி, டிஸ்பிளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்து, டிவியில் கேம் மோடு போட்டு, அசைவை மென்மையாக்கும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மானிட்டர்தான் வேண்டும் என்றால் ஃப்ரீசிங்க் போன்ற மாறும் புதுப்பிப்பு வசதி உள்ளதாகப் பாருங்கள். அதன் கீழ் எல்லை 48 என்றிருந்தால் 50.12 உள்ளே வந்துவிடும்.

வைஸில் சாதாரண எக்ஸ்64 வேண்டாம், சைக்கிள் பிசகாத எக்ஸ்64எஸ்சி-யை ஓட்டுங்கள். மாடல் பி.ஏ.எல்., விசிங்க் (திரையின் புதுப்பிப்போடு படத்தை ஒத்திசைப்பது) ஆன், ட்ரூ டிரைவ் எமுலேஷன் (டிஸ்க் டிரைவையும் முழுதாக எமுலேட் செய்வது) ஆன். திரை சரியாக 50.00-ல் ஓட, மெஷின் 50.12 என்பதால் எட்டு நொடிக்கு ஒரு பிரேம் விழுங்கப்படும். வேகத்தைச் சதவீதத்தில் விடாமல் நொடிக்கு 50 பிரேம் என்று நிலைப்படுத்தினால் அதுவும் போய்விடும். இசை கால் சதவீதம் மெதுவாகும், காதுக்குத் தெரியாது. பார்டரை (படத்தைச் சுற்றிய சட்டத்தை) 'ஃபுல்' என்று வையுங்கள்.

பார்டரை ஏன் வெட்டக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. விளையாட்டுகளில் அது வெறும் சட்டம். டெமோவிலோ அந்தச் சட்டத்தைத் திறப்பதே வித்தை. படத்தை வரையும் விக் சிப் வலப்பக்கச் சட்டத்தை 40 காலம் (நெடுவரிசை) முறையில் 344-ஆவது புள்ளியிலும், 38 காலம் முறையில் 335-இலும் தொடங்கும். 335 கடந்த பின், 344 வருவதற்குள், அதாவது 56-ஆவது சைக்கிளில், 40-இலிருந்து 38-க்கு மாற்றினால் சிப் இரண்டு இடத்தையும் தவறவிட்டுவிடும், சட்டம் விழாது. ஒரு சைக்கிள் பிசகினாலும் சட்டம் விழுந்துவிடும். இதை ஒவ்வொரு வரியிலும் செய்ய வேண்டும். எட்டு வரிக்கு ஒரு முறை விக் சிப் எழுத்துத் தகவலை எடுக்க 40-க்கு மேல் சைக்கிள்களைப் பறித்துக்கொள்ளும், எட்டு ஸ்பிரைட்டும் (தனியே நகரும் சிறு உருவங்கள்) இருந்தால் இன்னும் 19 போகும். இந்தக் கெடுபிடிக்குள் திறந்த ஓரத்தில் ஒரு ஸ்பிரைட் மிதந்து போகிறபோது, வெட்டிய திரையில் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

மேலை நாட்டிலிருந்து மலிவாக வருகிறதே என்று அமெரிக்க என்.டி.எஸ்.சி. (60 ஹெர்ட்ஸ் டிவி முறை) மெஷினை வாங்கிவிடாதீர்கள். அதில் வரிக்கு 65 சைக்கிள், 263 வரி, பிரேமுக்கு 17,095-தான். பி.ஏ.எல். டெமோ எழுதியவர் நம்பியிருக்கும் 2,561 சைக்கிள் அங்கே கிடையாது. 63-க்கு எண்ணி எழுதிய லூப் ஒவ்வொரு வரியிலும் இரண்டு சைக்கிள் நழுவும். படம் சிதறும், இல்லை நின்றுபோகும்.

ஒரிஜினல் மெஷின் வாங்குபவர் முதலில் பவர் சப்ளையை அளக்க வேண்டும். 5 வோல்ட் பக்கம் 5.25-க்கு மேல் காட்டினால் மெஷினில் செருகவே கூடாது. பழைய சப்ளைகளில் ரெகுலேட்டர் கெட்டால் வோல்டேஜ் ஏறி ரேம் சிப்புகளைப் பொசுக்கிவிடும். அதன்பின் வீடியோ. மெஷின் 312 வரியில் படம் தெரியும் 288 வரியை, இன்டர்லேஸ் இல்லாமல் (ஒன்றுவிட்டு ஒரு வரியாக இரண்டு தவணையில் பிரிக்காமல்), அனுப்புகிறது. பல தட்டை டிவிகள் அதை 576 இன்டர்லேஸ் என்று தப்பாக எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த பிரேம்களைக் குழப்பிவிடும். எஸ்-வீடியோ கேபிளும், அதை ஏற்று வரியை இரட்டிக்கும் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போன்ற பெட்டியும் வேண்டும்.

டிரைவிலும் ஒரு சிக்கல். கமடோரின் 1541 டிஸ்க் டிரைவுக்குள்ளேயே ஒரு 6502 பிராசஸரும் 2 கேபி ரேமும் உண்டு. டெமோக்கள் தங்கள் லோடரின் (டிஸ்கிலிருந்து தகவலை ஏற்றும் புரோகிராமின்) ஒரு பாதியை அதற்குள் அனுப்பி ஓடவிடுகின்றன. 2021-ல் வந்த 'ஃப்ரீஸ்பின்' கமடோரையே ஒதுக்கிவிட்டு அந்த டிரைவிலிருந்தே படத்தை வரவழைத்தது. ஆகவே எஸ்டி2ஐ.இ.சி. போன்ற மலிவான எஸ்டி கார்டு கருவிகள் பெரிய டெமோக்களில் பாதியில் நிற்கும், அவற்றில் 6502 கோடு ஓடாது. 1541 அல்டிமேட், அல்லது ராஸ்பெரி பையில் ஓடும் பை1541 வேண்டும். லிஃப்ட் என்பவரின் 'எ மைண்ட் இஸ் பார்ன்' (2017) போல ஒற்றை ஃபைலாக வருபவை எதிலும் ஓடும். வெறும் 256 பைட்டில் இசையும் காட்சியும் தரும் அதையே புது மெஷினில் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

சிட் பற்றி ஒரே வரி: டெமோவின் குறிப்பில் எந்த மாடல் என்று போட்டிருந்தால் அதையே வையுங்கள், மாற்றினால் ஃபில்டர் ஒலி கெடும்.

நியாயமாகத் தீர்ப்புச் சொன்னால் வைஸும் கூடத்து டிவியும் போதும். இலவசம், துல்லியம், டிஸ்க் திருப்புவதும் சுலபம். பழைய மெஷினுக்குப் பணம் கொட்ட ஒரு காரணமும் இல்லை. இதை நண்பருக்கும் அப்படியே சொல்லிவிட்டேன்.

ஆனால் எல்சிடி திரை ஒவ்வொரு படத்தையும் 20 மில்லிசெகண்டு பிடித்து வைத்திருக்கிறது. கண் எழுத்தைத் தொடரும்போது ஓரங்கள் மழுங்கும். 50 ஹெர்ட்ஸ் சரியாக வைத்தும் இது போகாது. டியூப் டிவியில் புள்ளி ஒளிர்ந்து உடனே அணைவதால் ஓடும் எழுத்தும் நிற்கும் எழுத்துபோலக் கூராக இருக்கும், 50.12-ஐப் பற்றி அது கேள்வியே கேட்காது. மஞ்சள் ஏ.வி. இன்புட் உள்ள பி.ஏ.எல். டியூப் டிவி எங்காவது காயலான் கடையில் கண்ணில் பட்டால் அன்றைக்கே தூக்கி வந்துவிடுங்கள், பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே உயர் அழுத்த மின்சாரம் தேங்கியிருக்கும். அந்த டிவி கையில் கிடைத்துவிட்டால் மேலே சொன்ன தீர்ப்பை விட்டுவிடுங்கள். மெஷினையும் வாங்குங்கள்.