பெரும் பனிப்பாறைகளைப் பின்தொடர எந்த ரேடார் ஏற்றது? படிம ரேடாரும் சிதறல்மானியும்

2017 ஜூலையில் லார்சன் சி பனித்தட்டிலிருந்து ஏறத்தாழ 5,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏ-68 பனிப்பாறை உடைந்து விலகியபோது, அண்டார்க்டிக் தீபகற்பத்தைக் குளிர்கால இருள் சூழ்ந்திருந்தது. சூரிய ஒளியை நம்பும் கேமராக்களுக்கு அந்த இருளில் வேலையில்லை. வெப்ப அகச்சிவப்புப் படங்கள் இரவிலும் கிடைக்கும் என்றாலும், மேகம் மூடிவிட்டால் அவையும் பயன்படுவதில்லை. ஆகவே ஒரு பெரும் பனிப்பாறையை ஆண்டு முழுவதும் விடாமல் பின்தொடர வேண்டுமானால் ரேடார்தான் வழி. அது எந்த வகை ரேடாராக இருக்க வேண்டும் என்பதுதான் அலசிப் பார்க்க வேண்டிய கேள்வி.

போட்டியில் இருப்பவை இரண்டு. ஒன்று, சென்டினல்-1, ரேடார்சாட் போன்ற செயற்கைக்கோள்களில் உள்ள சிந்தெடிக் அப்பர்ச்சர் ரேடார்; இங்கே அதைப் படிம ரேடார் என்று குறிப்பிடுகிறேன். மற்றொன்று, கடற்பரப்பில் வீசும் காற்றை அளப்பதற்காக அனுப்பப்பட்ட சிதறல்மானி. இரண்டும் நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கின்றன என்ற அளவில் ஒன்றே. ஆனால் படிம ரேடார், செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே பெறும் எதிரொலிகளைக் கணக்கிட்டு ஒன்றிணைப்பதால், சென்டினல்-1இன் 12.3 மீட்டர் நீள ஆன்டெனா அதைவிடப் பன்மடங்கு நீண்ட ஆன்டெனாவின் கூர்மையைப் பெற்றுவிடுகிறது. சிதறல்மானிக்கு அந்தக் கூர்மை கிடையாது. 1999இல் ஏவப்பட்ட குயிக்ஸ்காட், ஒரு மீட்டர் விட்டமுள்ள சுழலும் தட்டைக் கொண்டு சுமார் 1,800 கிலோமீட்டர் அகலப் பரப்பை ஒரே ஓட்டத்தில் வருடிச் சென்றது. அதன் இயல்பான துல்லியம் 25 கிலோமீட்டர் அளவிலானது. ஒரே இடத்தின் மீது பலமுறை கடந்த பதிவுகளை இணைத்துச் செப்பனிடும்போது அது சில கிலோமீட்டர் வரை கூர்மையாகும், அவ்வளவுதான்.

கூர்மையை மட்டும் எடைபோட்டால் இத்துடன் ஒப்பீடு முடிந்துவிடும். சென்டினல்-1 துருவக் கடல்களில் பெரும்பாலும் பயன்படுத்தும் அகலப் பாங்கில், 400 கிலோமீட்டர் அகலத்தை 20க்கு 40 மீட்டர் நுணுக்கத்தில் காட்டுகிறது. குளிர்காலப் படம் ஒன்றை உற்றுப் பார்த்தால், உலர்ந்த பனி மூடிய பாறை வெளிர்சாம்பல் பலகையாகத் தெரியும். ரேடாரை நோக்கிய செங்குத்து விளிம்பு வெண்கோடாக மின்னும். தரைதட்டி நிற்கும் பாறையாக இருந்தால், அதன் ஒதுக்குப்புறத்தில் கடற்பனி விலகித் திறந்த நீரோ மெல்லிய புதுப்பனியோ கருமையாகப் படர்ந்திருக்கும். எந்த மூலை உடைந்தது, எங்கே விரிசல் ஓடுகிறது என்பதையெல்லாம் அந்தப் படத்திலேயே படிக்கலாம். சிதறல்மானிப் படத்தில் அதே பாறை, சுற்றிலும் உள்ளதைவிட வெளிச்சமான ஒரு திட்டு மட்டுமே.

ஆனால் பின்தொடர்தல் என்பது ஒரு படத்தோடு முடிகிற காரியம் அல்ல. நேற்றுப் பார்த்த பாறைதான் இன்று பார்ப்பதும் என்று உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும். சென்டினல்-1 ஒரு சுற்றுப்பாதையில் ஏறத்தாழ 25 நிமிடமே உயர்நுணுக்கப் படமெடுக்க முடியும். எங்கே எடுப்பது என்பது முன்கூட்டியே திட்டமிடப்படுகிறது. துருவத்தை நெருங்க நெருங்கப் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் இடைவெளி குறையும் என்பது உண்மைதான், எனினும் அதே பாதையில் அதே கோணத்தில் மீண்டும் வர ஒரு செயற்கைக்கோளுக்கு 12 நாள் ஆகும். ஏ-23ஏ பாறையை எண்ணிப் பாருங்கள். 1986இல் ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து பிரிந்து, 30 ஆண்டுகளுக்கு மேல் வெட்டல் கடலில் தரைதட்டிக் கிடந்த அது, 2024இல் தெற்கு ஓர்க்னி தீவுகளுக்கு வடக்கே ஒரு நீர்ச்சுழலில் சிக்கி நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 பாகை சுழன்றுகொண்டிருந்தது. 12 நாளுக்கு ஒரு படம் மட்டுமே கையில் இருந்திருந்தால், அது 180 பாகை திரும்பியிருக்கும். இடமாகச் சுழன்றதா வலமாகவா என்பதைக்கூட அந்த இரு படங்களிலிருந்து சொல்லியிருக்க முடியாது. சிதறல்மானியோ இடைவிடாமல் இயங்குவது. துருவப் பகுதிகளை நாள்தோறும் முழுமையாகக் காண்பது. பாறையின் உருவம் மங்கினாலும் அதன் பாதை அறுபடாது.

அதற்குச் சிறந்த சான்று பி-10ஏ. 1992இல் துவெயிட்ஸ் பனியாற்றிலிருந்து பிரிந்த பாறையின் இந்தத் துண்டு, இருளும் மேகமும் காரணமாகக் கண்காணிப்பிலிருந்து தப்பியது. 1999 ஜூலையில், பணியைத் தொடங்கியிருந்த குயிக்ஸ்காட் அதை டிரேக் நீரிணையில், கப்பல் வழித்தடங்களை நோக்கி நகர்ந்த நிலையில் கண்டுபிடித்தது. காற்றை அளக்கப் போன கருவி செய்த வேலை இது! 2009 நவம்பரில் குயிக்ஸ்காட்டின் ஆன்டெனா சுழல்வது நின்றபோது, இந்தியாவின் ஓஷன்சாட்-2, ஐரோப்பாவின் மெட்ஆப் ஆகியவற்றின் சிதறல்மானிகள் அந்தத் தொடர்ச்சியைக் காத்தன.

கோடை இரண்டுக்கும் சோதனைக் காலம். பாறையின் மேற்பனி உருகி ஈரமானதும், உட்புகுந்து சிதறித் திரும்ப வேண்டிய அலை மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டு, வெளிச்சமாக இருந்த பாறை கருத்துவிடும்; அதே வேளையில் காற்றால் கொந்தளிக்கும் கடல் வெளிச்சமாகும். படிம ரேடாரில் அப்போதும் விளிம்பும் வடிவமும் துணைக்கு வரும். சராசரி வெளிச்சத்தை மட்டுமே நம்பும் சிதறல்மானி இந்த நிலையில் தடுமாறுகிறது. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

பாறையின் அளவு குறைந்தாலும் அப்படியே. கிரீன்லாந்திலிருந்து லாப்ரடார் கடற்பகுதிக்கு வரும் பாறைகள் பெரும்பாலும் சில நூறு மீட்டர் அளவுக்குள் அடங்குபவை. அங்கே சிதறல்மானியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. தடிமனை அறிய இரண்டும் உதவா. கிரையோசாட்-2, ஐஸ்சாட்-2 போன்ற உயரமானிகள் வேண்டும். ஏ-68இன் சராசரித் தடிமன் 235 மீட்டரிலிருந்து 67 மீட்டர் குறைந்தது என்ற கணக்கு, பரப்பைக் காட்டிய படங்களையும் உயரத்தை அளந்த கருவிகளையும் சேர்த்தே பெறப்பட்டது.

கப்பலுக்கோ தீவுக்கோ ஆபத்து நெருங்கும் வேளையில் நான் படிம ரேடாரையே கேட்பேன். 2020 டிசம்பரில் ஏ-68இன் பெருந்துண்டான ஏ-68ஏ தெற்கு ஜார்ஜியா தீவை நெருங்கித் துண்டு துண்டாக உடைந்தபோது, ஒவ்வொரு துண்டுக்கும் தனி எழுத்து கொடுத்துத் தொடர வேண்டியிருந்தது. கிலோமீட்டர்க் கணக்கில் மங்கிய திட்டு அதற்குப் போதாது. ஆனால் 10, 20 ஆண்டுப் பயணத்தை நாள் தவறாமல் பதிய வேண்டும் என்றால் என் தேர்வு சிதறல்மானிதான். 2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதான பின், 2024 டிசம்பரில் 1சி ஏவப்படும் வரை ஒரே ஒரு செயற்கைக்கோளைக் கொண்டு அந்தத் தொடர் சமாளிக்க நேர்ந்தது. அப்படிப்பட்ட காலங்களில் அன்றாட இருப்பிடத்தைத் தரக்கூடியது அந்த மங்கலான படமே. புதிய சிதறல்மானிகளைத் திட்டமிடுவோர், காற்றுக்கான தேவைகளோடு பனிப்பாறைகளுக்கான தேவைகளையும், குறிப்பாக உயர் அகலக்கோடுகளின் மூலப் பதிவுகளைச் சுருக்காமல் சேமிப்பதையும், தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.